மூன்று டிஸ்க் கேட்ட கண்மணி

“தாடையை இதுல வைங்க… நெத்தியை முன்னால ஒட்டுங்க… ம்… அசையக் கூடாது.”

வந்தவன் அசையவில்லை. அவன் தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கி மேசையை நனைத்தது. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்ணாடிக் கடையின் உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டால் பகலிலும் கருக்கல்தான். அந்த இருட்டில் இயந்திரத்தின் சின்ன வெளிச்சம் அவன் வலது கண்ணில் போய் விழுந்தது. இந்தப் பக்கத்து வில்லையில் அவள் தன் கண்ணைப் பொருத்தினாள்.

ஐயோ… என்ன கண் இது!

தேன் கலந்த பழுப்பு. கருவிழியின் ஓரத்தில் எள்ளளவு ஒரு புள்ளி. இமை மயிரில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு…

ஏழு வருடமாக அவள் கண் பார்க்கிறாள். ஒரு சாண் தூரத்தில் எத்தனை ஆயிரம் கண்கள்! சிவந்த கண், புரை விழுந்த கண், அழுது வீங்கிய கண், ‘எல்லாம் நல்லாத் தெரியுது’ என்று பொய் சொல்கிற கண்… ஆனால் எந்தக் கண்ணும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. வெளிச்சம் அவர்கள் பக்கம், இருட்டு அவள் பக்கம். எதிரே இருப்பவள் கிழவியா குமரியா என்று யாருக்கும் தெரியாது. இருபத்தொன்பது வயதில் அது சில நாள் வசதியாக இருந்தது. சில நாள் கசந்தது.

“சரி, இப்ப எதிர்ல எழுத்து தெரியுதா? மேலேர்ந்து படிங்க.”

“ட… ப… க… அடுத்தது… மு. இல்ல, ழு.”

“மு. கீழ் வரி?”

“கீழ ஒரு வரி இருக்கா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். “சார், தூரத்துல இருக்கிறதெல்லாம் உங்களுக்கு மங்கலாத்தான் தெரியும். எத்தனை நாளா இப்படி? பஸ்ஸுல போர்டு படிக்க முடியுதா?”

“நிறத்தை வச்சு ஏறிடுவேன்…”

அந்த நேரம் பார்த்து அப்பா கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினார். “பாப்பா, கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஆள் வந்தாச்சாம். நனைஞ்சு வந்துச்சு, உள்ள அனுப்பினேங்கிறா உன் அத்தை. எங்க அந்தத் தம்பி?”

அவள் மெதுவாக விளக்கைப் போட்டாள்.

“நீங்க… கண் பார்க்க வரலையா?”

“கம்ப்யூட்டர் பார்க்க வந்தேன்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தாடையை வைங்கன்னீங்க… வாய் மூடிடுச்சு.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கு மட்டும் காது மடலெல்லாம் சூடேறியது. வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறான்! அதுவும் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு!

“கால் மணி நேரம் வேலை மெனக்கெட்டு…” என்று சீறினாள்.

“வீணாகலை டாக்டரம்மா. எனக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சுதே.”

“நான் டாக்டர் இல்ல.”

“பேஷண்டைத் திட்டுறீங்களே…”

*

கடைக் கம்ப்யூட்டருக்கு வந்த வியாதி இதுதான். லென்சின் பவரைத் தானே அளந்து சொல்லும் புது இயந்திரம் ஒன்றை அப்பா வாங்கியிருந்தார். அதன் மென்பொருளை ஏற்றப் போனால், ‘இதே வேலைக்கான பழைய மென்பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது, முதலில் அதை நீக்குக’ என்று திரை அடம்பிடித்தது. பழையது என்பது பதினோரு வருடத்துக்கு முன் அப்பா ஏற்றியது. வாடிக்கையாளர்களின் பெயர், கண் பவர், வாங்கிய ஃப்ரேம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அதன் பெயர் கண்மணி.

“அதை நானே எடுத்துட்டேனே தம்பி! திரையில கண்ணு படம் ஒண்ணு இருந்துச்சு. அதை அழிச்சுட்டேன்” என்றார் அப்பா பெருமையாக.

“அது பெயர்ப்பலகைங்க ஐயா. பலகையைக் கழட்டினா ஆள் வீட்டைக் காலி பண்ணிருவாங்களா? உள்ளேதான் இருக்காங்க.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலைத் திறந்து, கண்மணியைத் தேடிப் பிடித்து ‘நீக்கு’ என்று அழுத்தினான். அவளும் பின்னால் நின்று பார்த்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நின்றாள். திரையில் ஒரு கட்டம் வந்தது. ‘கண்மணியை நீக்குவதற்கு முதலாம் டிஸ்கை உள்ளே இடவும்.’

“இது என்ன, போகச் சொன்னா டிஸ்க் கேட்குது?” என்றாள் அத்தை கல்லாவிலிருந்து. அப்பாவின் தங்கை அவள். கடையின் கணக்கும் வம்பும் அவள் கையில்.

“வரும்போது எந்த டிஸ்க்ல வந்துச்சோ அதைக் காட்டினாத்தான் போகும். எந்தப் பொருளை எங்க வச்சோம்கிற பட்டியல் அதுலதான் இருக்கும். மொத்தம் மூணு டிஸ்க். எங்க வச்சிருக்கீங்க?”

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். ‘பத்திரமா வச்சேன்’ என்றார் அப்பா. அந்த வீட்டில் பத்திரமாக வைத்த எதுவும் திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. கண்மணியை விற்ற கம்பெனியும் எப்போதோ மூடிப்போயிருந்தது. கம்ப்யூட்டரையே துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றலாமென்றால் அதற்கும் அசல் டிஸ்க் வேண்டுமாம்… அதுவும் பத்திரமாகத்தான் இருந்தது.

“நாளைக்கு வர்றேன். டிஸ்கைத் தேடி வைங்க. கிடைக்கலைன்னா வேற வழி பார்ப்போம். நாலு மணிக்கு மேல ஆகும், பரவால்லையா டாக்டரம்மா?” என்றான் அவன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக் கதவில் மழை வழிந்தது. அதன் ஊடே அவன் ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறுவது மங்கலாகத் தெரிந்தது. நிறத்தைப் பார்த்து ஏறுகிறான்… பைத்தியம்!

*

மறுநாள் மூன்றரைக்கே அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. ஏன் போகிறது என்று தன்னையே அதட்டினாள். நான்கு ஐந்துக்கு அவன் வந்தான். அன்று பதினோரு வருடத்து விவரங்களை ஒரு பெயர் விடாமல் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்தினான். “ஆளை அனுப்புறதுக்கு முன்னாடி சாவியை வாங்கிக்கணும்ல” என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தான். நடுவில், “அட, இது எங்க அக்கா! இங்கதான் கண்ணாடி வாங்கியிருக்கா… சொல்லவே இல்லையே” என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். சமாதான ஒப்பந்தம் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அன்று தேநீர் மூன்று கோப்பை வருவதற்குப் பதில் நான்கு வந்தது.

மூன்றாம் நாள் காலையில், பழைய ஃப்ரேம்கள் கிடந்த கடைசி இழுப்பறையை அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். வெல்வெட் துணிக்கு அடியில் தடிமனான ஒரு காகித உறை தட்டுப்பட்டது. மேலே அப்பாவின் கோழிக்கிறுக்கல்: ‘கண்மணி 1, 2, 3.’

அவள் கை அப்படியே நின்றது.

‘அப்பா, கிடைச்சிருச்சு!’ என்று கூப்பிட வேண்டியதுதான். அப்பா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். நாலு மணிக்கு அவன் வருவான். டிஸ்கைப் போடுவான். பத்தே நிமிடம்… பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவான். அப்புறம்? எந்த முகாந்திரத்தில் அந்த நாற்காலியில் வந்து உட்காருவான்? யார் ‘டாக்டரம்மா’ என்று வம்புக்கு இழுப்பார்கள்?

ஒரு நாள்… ஒரே ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக்கொண்டாள். உறையை எடுத்துப்போய் உள்ளறையில், சோதனை லென்சுகள் இருக்கும் மரப்பெட்டிக்குக் கீழே வைத்தாள். திருடியவள் போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

அன்று நாலு மணிக்கு, “டிஸ்க் கிடைச்சுதா?” என்றுதான் உள்ளே நுழைந்தான்.

“இல்லை…”

சின்னச் சொல். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே பிடிபடவில்லை.

“சரி, அப்ப கையாலதான் எடுக்கணும். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பெரிய பதிவேடு இருக்கு டாக்டரம்மா. கண்மணிங்கிற பேரு அதுல எங்கெங்க எழுதியிருக்கோ, ஒவ்வொண்ணாத் தேடிப் பிடிச்சு அழிக்கணும். ஒரு வரி தப்பா அழிஞ்சாலும் மொத்தமும் படுத்துரும்.”

“எத்தனை இடத்துல இருக்கு?”

தேடிப் பார்த்தான். “இருநூத்திப் பதிமூணு.”

“அவ்வளவா!”

“மனசுல பதிஞ்சா அப்படித்தான்” என்றான் திரையைப் பார்த்தபடி. அவள் சட்டென்று மேசையிலிருந்த துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த ஒரு ஃப்ரேமைத் துடைக்கத் தொடங்கினாள்.

அவனுக்கு ஒரு பழக்கம். வேலை செய்யும்போது வாய்விட்டுப் படிப்பான். “கண்மணி… இது போகட்டும். கண்மணி… இதுவும் போகட்டும். கண்மணி…”

“யாரைத் தம்பி இப்படி உருகி உருகிக் கூப்பிடுறீங்க?” என்றாள் அத்தை.

“போகச் சொல்லித்தான் கூப்பிடுறேங்க. போக மாட்டேங்குறாங்க.”

“கூப்பிடுற குரலைக் கேட்டா இருக்கிறவளும் எப்படிப் போவா?”

அத்தை அதைச் சொல்லும்போது கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை… அவளைத்தான் பார்த்தாள்.

*

பாதியில் நின்ற பரிசோதனையை இரண்டாம் நாளே முடித்து அவனுக்கு எழுதிக்கொடுத்த கண்ணாடி, நான்காம் நாள் தயாராகிவிட்டது. ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். உள்ளறை நாற்காலியில் அவனை உட்காரவைத்து, காதுகளின் மேல் கம்பிகளை மெல்லப் பொருத்தினாள். விரல் நுனி அவன் நெற்றியோர முடியில் பட்டது. படவில்லை என்பதுபோல இருவரும் இருந்தார்கள்.

“இப்ப பாருங்க. தெளிவாத் தெரியுதா?”

அவன் எழுத்துப் பலகையைப் பார்க்கவில்லை.

“அட…”

“என்ன?”

“உங்க கன்னத்துல மச்சம் இருக்கு. இத்தனை நாளாத் தெரியலையே…”

அன்று விளக்கு எரிந்தது. இருட்டு யார் பக்கமும் இல்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஒருவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இப்போதே சொல்லிவிடலாமா… ‘டிஸ்க் இந்தப் பெட்டிக்குக் கீழேதான் இருக்கு’ என்று? உதடு பிரிந்தது. “கண்ணாடியைத் துடைக்கச் சட்டை முனையை உபயோகிக்காதீங்க, கீறல் விழும்” என்றுதான் வந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. போகும்போது அவன் தயங்கி நின்றான். “நாளைக்கும் வர்றேன். லீவுதான்… அக்கா வீடு மாத்துறா, சாமான் தூக்க வரச்சொன்னா. பரவால்ல, சொல்லிக்கிறேன். இதை முடிச்சுட்டா உங்களுக்கு நிம்மதி.”

எனக்கா நிம்மதி, என்று நினைத்தாள். இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. அவனுடைய அக்கா தனியாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பாள்… இவள் ஒளித்துவைத்த ஓர் உறைக்காக! காலையில் எழுந்ததும் முடிவு செய்துவிட்டாள். அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தது பத்து மணிக்கு. வந்ததும் திரைமுன் உட்கார்ந்தவன் தலையைத் தூக்கவே இல்லை. பதினொன்றரைக்குக் கையைத் தட்டினான்.

“இருநூத்திப் பதிமூணு! ஒண்ணு பாக்கி இல்ல!”

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார்கள். நாலு தலையும் திரைமுன் கூடின. புது மென்பொருள் முணுமுணுக்காமல் ஏறியது. புது இயந்திரம் ‘பீப்’ என்று குரல் கொடுத்தது. அப்பா அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். “டிஸ்க் இல்லாமலே சாதிச்சுட்டியே தம்பி! பாப்பா, ஒரு லென்ஸ் கொண்டா, வச்சுப் பார்ப்போம். இரு, நானே எடுக்கிறேன்…”

அவள் எட்டு வைப்பதற்குள் அப்பா உள்ளறைக்குப் போய்விட்டார். பெட்டியைத் தூக்கினார். திரும்பி வரும்போது ஒரு கையில் லென்ஸ்… மறுகையில் தடிமனான காகித உறை.

“இது… இது எப்படி உன் பெட்டிக்குக் கீழ வந்துச்சு? தூசு கூட இல்லையே.”

அவள் பார்வை உறையின் மேலேயே நின்றது. ஒரு சொல்… ஏதாவது ஒரு சொல் வந்திருக்கலாம். அப்பா எதிரே, அத்தை எதிரே, ‘இவர் தினமும் வரட்டும்னுதான்’ என்று எப்படிச் சொல்வாள்? ரோஷமும் வெட்கமும் சேர்ந்து நாக்கைக் கட்டிப்போட்டன.

அவன் உறையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். புதுக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் தேன் நிறம் மெல்ல அணைந்ததை அவள் கண்ணால் கண்டாள்.

“முன்னமே தெரியுமா?”

அவள் தலை கவிழ்ந்தது. அது போதும்.

“பரவால்ல மேடம்” என்றான். பையை எடுத்துக்கொண்டான்.

டாக்டரம்மா இல்லை… மேடம்! கதவு மணி ஒருமுறை ஆடி அடங்கியது.

*

புது இயந்திரம் நன்றாக வேலை செய்தது. கம்ப்யூட்டருக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய துரோகமாக இருந்தது.

நாலு மணி தினமும் வந்தது. தேநீர் மூன்று கோப்பையாகக் குறைந்தது. கண்ணைப் பரிசோதிக்க உட்காருகிறவர்களிடம் “மேலேர்ந்து படிங்க” என்பாள். அவர்கள் முதல் எழுத்தைப் படிக்கும்போதே மனசு எங்கேயோ போய்விடும். மழை பெய்தால் கதவைப் பார்ப்பாள். மழை விட்டாலும் கதவைப் பார்ப்பாள். பஸ் நிறுத்தத்தில் கண்ணாடி போட்டவன் எவன் நின்றாலும் நெஞ்சு ஒரு துடிப்பை விழுங்கும். தொலைபேசியை எடுத்து அவன் எண்ணில் ஆறு இலக்கம் வரை அழுத்துவாள்… வைத்துவிடுவாள். என்னவென்று சொல்வது? அவன் ஏன் கூப்பிடவில்லை? ஒரு திட்டாவது திட்டியிருக்கலாமே… திட்டினால் பதில் சொல்லலாம். ‘பரவால்ல’வுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

அவன் போன பதினேழாம் நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு வயரைப் பிடுங்கினாள். சர்வீஸ் ஆபீசுக்குப் போன் போட்டு, “திரை இருட்டாயிருச்சு” என்றாள்.

வந்தது வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர். வயரைச் சொருகிவிட்டு, “இதுக்கா கூப்பிட்டீங்க?” என்று அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“முன்னாடி வந்தவர்… அவர்…”

“அவனா? இந்தக் கடைக்கு என்னை அனுப்பாதீங்கன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டான்மா. இன்னைக்கு லீவு. அக்கா வீட்டுல இருக்கான்… தபால் ஆபீசுக்கு மேல மாடி. ஆணியடிக்கிறேன்னு போனான்.”

அவர் போன பிறகு அத்தை கல்லாவிலிருந்து இறங்கி வந்தாள். “இன்னும் எத்தனை வயரைப் பிடுங்குவே? வர்ற வரன்களுக்கெல்லாம் மூக்கு சரியில்ல, முழி சரியில்லன்னு சொன்னவ நீ. இவனைப் போய் ஒரு வார்த்தை கேட்க வாய் வரலையா?”

“என்ன வயர்? என்ன வரன்?” என்று அப்பா எழுந்து வந்தார்.

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். இழுப்பறையில் உறை கிடைத்தது, ஒளித்துவைத்தது, அவன் கேட்டபோது இல்லை என்றது… எல்லாம். “அவர் வரணும்னுதான்பா ஒளிச்சேன். வேற ஒண்ணும் இல்ல” என்று முடிக்கும்போது கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

“ஊர்க்காரங்க கண்ணுல என்ன குறைன்னு சொல்றேன்… வீட்டுக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியல பாரு. அந்தப் பையனை எல்லார் எதிர்லயும் மட்டம்தட்டின மாதிரி ஆயிருச்சேம்மா. மன்னிப்புக் கேட்டாத்தான் மரியாதை.” குடையை எடுத்தார். “கிளம்பு.”

“நீங்களுமா?”

“நான் மாடிக்கு வரல. தபால் ஆபீசுல எனக்கு வேலை இருக்கு.”

என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அப்பா கடிதம் எழுதிப் பத்து வருடமாவது இருக்கும்.

*

மாடிக் கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, அவன் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். தலையெல்லாம் வெள்ளைத் தூள். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவன் அக்கா, வாசலில் நனைந்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க… கண்ணாடிக் கடை டாக்டரம்மாதானே?”

துளைபோடும் சத்தம் நின்றது.

“உங்ககிட்டதான் முதல்ல மன்னிப்புக் கேட்கணும்” என்றாள் அவள். “அன்னைக்கு நீங்க தனியாச் சாமான் தூக்கும்படி ஆனது என்னாலதான்.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இவன் வந்தாலும் பாதியை உடைச்சிருப்பான்.” அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். “ஆணி தீர்ந்துபோச்சு. கீழே போய் வாங்கிட்டு வந்துர்றேன்.”

மேசையில் ஒரு பொட்டலம் நிறைய ஆணி இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

அவன் முக்காலியிலிருந்து இறங்கினான். கண்ணாடியைக் கழற்றி ஊதினான். சட்டை முனையால் துடைக்கவில்லை… பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தான். அந்த ஒன்றைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“என்ன ரிப்பேர் மேடம்?”

“மேடம்னு சொல்லாதீங்க.” குரல் உடைந்தது. “டிஸ்க் மூணாம் நாளே கிடைச்சுது. கொடுத்தா பத்து நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிருவீங்க. அப்புறம் வர மாட்டீங்க… அதனால ஒளிச்சேன். உங்களை முட்டாளாக்கணும்னு இல்ல. சத்தியமா இல்ல. நாலு மணிக்கு அந்தக் கதவு திறக்கணும்… அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு. இப்பவும் அதான் வேணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்லத்தான் வந்தேன்… சொல்லிட்டேன்… போறேன்.”

திரும்பினாள். ஜன்னல் கம்பியில் மழை தாளம் தட்டியது.

“இருங்க.”

நின்றாள்.

“இருநூத்திப் பதிமூணு இடம்னு சொன்னேனே… அதை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க?”

“நாலு நாள்…”

“ஒரு சாயங்காலம் போதும். பதிவேட்டுல எப்படித் தேடணும்னு தெரிஞ்சவனுக்கு இரண்டு மணி நேரம்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “தினம் கொஞ்சமா எண்ணி எண்ணி அழிச்சேன். ஒவ்வொரு நாளும் மறுநாளைக்கு மிச்சம் வச்சேன். முதலாளி திட்டினார்… காய்ச்சல், அதுஇதுன்னு சமாளிச்சேன். அக்காகிட்டயும் பொய்தான் சொன்னேன்.”

அவள் கண்கள் விரிந்தன. “அப்புறம் எதுக்கு அவ்வளவு கோபம்? இந்தப் பதினேழு நாளா…”

“கோபம் இல்ல. வெட்கம். டிஸ்கைப் பார்த்ததும், ‘இவன் இங்கயே சுத்திக்கிட்டு இருக்கிறது எனக்குத் தெரியாதா’ன்னு நீங்க உள்ளுக்குள்ள சிரிச்சுட்டு இருந்திருக்கீங்கன்னு நினைச்சேன். மறைச்சது நான் மட்டும்தான்னு இருந்தேன்… நீங்களும் மறைச்சிருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தோணும்? என்னைப் போய்… உங்களுக்கு எப்படி…”

“ஏன், கண்ணுல குறைன்னா மனசுலயும் குறையா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தத் தேன் நிறம் திரும்பி வந்திருந்தது… கலங்கிக்கொண்டு.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப… முதல் நாள் தாடையை வைங்கன்னு சொன்னதுலேர்ந்து.” மூச்சு வாங்கினான். “உங்க அப்பாகிட்ட வந்து பேசணும். நல்ல நாளாப் பார்த்து, அக்காவையும் கூட்டிட்டு முறையா வர்றேன். எப்ப வரட்டும்?”

“அப்பா கீழேதான் இருக்கார். தபால் ஆபீசுல.”

“என்னது!”

“அக்காவும் இந்நேரம் அவரைப் பார்த்திருப்பாங்க.”

“ஐயோ… இப்பவேவா? தலையெல்லாம் சுண்ணாம்பு… சட்டை…” அவன் பதறிப்போய்த் தோளைத் தட்டினான். தட்டத் தட்டத் தூள்தான் பறந்தது. படியில் இரண்டு பேர் பேசிக்கொண்டே ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒரு குரல் அப்பாவுடையது. எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

“அசையாம நில்லுங்க” என்றாள் அவள்.

நின்றான். அவள் எட்டி, அவன் தலையிலிருந்த வெள்ளைத் தூளைத் தன் துப்பட்டா முனையால் துடைத்தாள். நெற்றியைத் துடைத்தாள். தோளைத் தட்டிவிட்டாள். தூள் போன பிறகும் கை அங்கேயே இருந்தது… காலடிச் சத்தம் வாசலுக்கு வந்த பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.